கைக்கு அடங்கிய விலையில் சரியான சன்ஸ்கிரீன்: தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

விலை கூடிய சன்ஸ்கிரீனை வாங்கி, தீர்ந்துவிடுமே என்று பொட்டுப் பொட்டாகத் தொட்டு வைப்பவரைவிட, சுமாரான விலையில் ஒன்றை வாங்கித் தாராளமாகப் பூசுகிறவருக்குப் பாதுகாப்பு அதிகம். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு கணக்கைச் சுற்றியே வரும்.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நாம்பூர் என்ற ஊரில் 1992இல் ஓர் ஆய்வு தொடங்கியது. கலந்துகொண்டவர்கள் 1,600க்கும் மேல். ஒரு பிரிவினர் தலை, கழுத்து, கைகளில் தினமும் சன்ஸ்கிரீன் பூசினார்கள். மற்றவர்கள் தங்கள் வழக்கப்படி, தோன்றும்போது பூசினார்கள். நாலரை ஆண்டு முடிவில், தினமும் பூசியவர்களிடம் செதிள் செல் வகைத் தோல் புற்றுக் கட்டிகள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவாக இருந்தன. தோல் முதுமையடைவதும் அவர்களிடம் 24 சதவீதம் குறைவு என்று 2013இல் வெளியான கட்டுரை சொன்னது. அவர்கள் பூசியது எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 15ஐச் சற்றே தாண்டிய சாதாரண சன்ஸ்கிரீன். இன்று கடையில் அந்த எண்ணைப் பார்த்தால் நம்மில் பலர் கையில்கூட எடுக்க மாட்டோம்.

படி 1: வாங்கும் முன் உங்கள் தேவையைக் கணக்கிடுங்கள்

லேபிளில் இருக்கும் எஸ்பிஎஃப் எண், ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசி அளந்தது. வீட்டில் பெரும்பாலோர் பூசுவது அதில் கால் பங்கிலிருந்து பாதி வரைதான். அளவு குறைந்தால் பாதுகாப்பும் குறையும். பாதி அளவு பூசினால் கிடைக்கும் பாதுகாப்பு, அச்சிட்ட எண்ணில் பாதிக்கும் கீழே போகலாம்.

எவ்வளவு பூச வேண்டும் என்பதற்கு எளிய வழி, இரண்டு விரல் அளவு. சுட்டுவிரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனி வரை ஒவ்வொரு கோடு பிதுக்குங்கள். முகம், காது, கழுத்துக்கு அது சரியாக வரும். மில்லி கணக்கில் சுமார் 1.25 என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 50 மில்லி ட்யூப் ஒன்றில் 40 பூச்சு இருக்கிறது. காலையில் ஒரு முறை மட்டும் பூசுகிறவருக்கு 40 நாள், இரண்டு முறை பூசுகிறவருக்கு 20 நாள். கைகளுக்கும் பூசினால் இன்னும் சீக்கிரம் தீரும். நீச்சல், கடற்கரை என்று உடல் முழுக்கப் பூச, வளர்ந்த ஒருவருக்கு ஒரு தடவைக்கே 30 மில்லி ஆகும். 100 மில்லி பாட்டில் மூன்று பூச்சுதான்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பலருக்குத் திக்கென்றிருக்கும். ஒரு ட்யூப் ஆறு மாதம் வருகிறது என்றால் அதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. அந்த ஆறு மாதமும் முகத்தில் இருந்தது பெயருக்கு ஒரு பூச்சுதான். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இந்த ட்யூபை மாதா மாதம் என்னால் வாங்க முடியுமா?” என்பது. முடியாது என்றால், அது எவ்வளவு நல்ல சன்ஸ்கிரீனாக இருந்தாலும் உங்களுக்கானதாக இராது.

இன்னொரு பக்கம், தேவையில்லாத இடத்தில் செலவழிக்கவும் வேண்டாம். பெரும்பாலான வானிலைச் செயலிகள் புற ஊதாக் குறியீட்டைக் காட்டுகின்றன. அது 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜன்னலை விட்டுத் தள்ளி, விளக்கு வெளிச்சத்தில் நாள் முழுக்க இருப்பவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மேகமூட்டத்தை நம்பி விட்டுவிடுவதும் தவறு. மெல்லிய மேகத்தினூடே புற ஊதாவில் 80 சதவீதம் வரை வந்துவிடும். மலை ஏறினால் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் அது சுமார் 10 சதவீதம் கூடும்.

படி 2: எஸ்பிஎஃப் எண்ணைச் சரியாகப் படியுங்கள்

தோல் சிவக்க எவ்வளவு கதிர் தேவையோ, அதைப்போல எத்தனை மடங்கு தாங்கும் என்பதுதான் இந்த எண். தோலை எட்டும் புற ஊதாக் கதிரில் யுவிஏ, யுவிபி என்று இரண்டு வகை. சிவப்பை உண்டாக்குவது பெரும்பாலும் யுவிபி. எனவே எஸ்பிஎஃப் முக்கியமாக யுவிபியைப் பற்றித்தான் சொல்கிறது.

எஸ்பிஎஃப் 15 யுவிபியில் சுமார் 93 சதவீதத்தைத் தடுக்கும், 30 சுமார் 97, 50 சுமார் 98. “97க்கும் 98க்கும் என்ன பெரிய வித்தியாசம்?” என்று கேட்பார்கள். தடுப்பதைப் பார்த்தால் வித்தியாசம் இல்லைதான். உள்ளே வருவதைப் பார்த்தால், 30இல் 3.3 சதவீதம், 50இல் 2 சதவீதம். அதாவது 50 பூசியவரின் தோலில் விழுவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. மங்கு (முகத்தில் படரும் கருமைத் திட்டு), வெயில் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது பொருட்படுத்த வேண்டிய வித்தியாசம். எல்லோரும் குறைவாகவே பூசுகிறோம் என்பதால் பெரிய எண் கொஞ்சம் கைகாவலாகவும் இருக்கும்.

என் தீர்ப்பு இது: 30க்குக் கீழே இறங்க வேண்டாம். ஒரே விலைக்கு 50 கிடைத்தால் 50. விலை கணிசமாகக் கூடுகிறது என்றால் 30ஐ வாங்கி முழு அளவு பூசுங்கள். 50+ என்பதற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சோதனையில் 60 அல்லது அதற்கு மேல் வந்திருக்க வேண்டும். 100 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. பெரிய எண்ணைப் பூசியவர்கள் இரண்டாவது முறை பூசுவதை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் அதிலுள்ள வில்லங்கம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாய்ஸ்சரைசரில் 15, சன்ஸ்கிரீனில் 30, ஃபவுண்டேஷனில் 20, ஆக மொத்தம் 65 என்று கூட்ட முடியாது. பெரிய எண்ணுள்ள ஒன்றின் அளவுக்கு எதிர்பார்த்தால் போதும், அதுவும் அதை முழு அளவு பூசியிருந்தால்.

படி 3: யுவிஏ பாதுகாப்பைத் தேடுங்கள்

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். வெயிலில் முகம் கருப்பது, கரும்புள்ளி, மங்கு, சுருக்கம் ஆகியவற்றில் யுவிஏவுக்குப் பெரிய பங்கு உண்டு. அது ஆண்டு முழுக்க, காலை முதல் மாலை வரை வருகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவும். யுவிபியை அதே கண்ணாடி பெருமளவு தடுத்துவிடுவதால், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தோல் சிவக்காது, கருக்கும். எஸ்பிஎஃப் எண் மட்டும் இருந்து, யுவிஏ பற்றி ஒரு சொல்லும் இல்லாத ட்யூபை வைத்துவிடுங்கள்.

யுவிஏ பாதுகாப்பைக் காட்ட நாட்டுக்கு நாடு வேறு வேறு குறி. ஜப்பானில் தோன்றி ஆசியா எங்கும் பரவியது பிஏ முறை. ஒரு கூட்டல் குறியிலிருந்து நான்கு வரை போகும். மூன்று கூட்டல் என்றால் யுவிஏவை எத்தனை மடங்கு தாங்கும் என்ற காப்பு அளவு 8 முதல் 16க்குள், நான்கு என்றால் 16 அல்லது அதற்கு மேல். ஐரோப்பிய ட்யூபுகளில் ஒரு வட்டத்துக்குள் யுவிஏ என்று எழுதியிருக்கும். அதன் பொருள், யுவிஏ காப்பு எஸ்பிஎஃப் எண்ணில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்காவில் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ (யுவிஏ, யுவிபி இரண்டையும் தடுப்பது) என்ற சொல்லைத்தான் தேட வேண்டும். அங்கே யுவிஏ எந்த அலைநீளம் வரை எட்டுகிறது என்று பார்க்கிறார்களே தவிர, அளவைப் படிநிலையாகச் சொல்வதில்லை.

தினசரிப் பயன்பாட்டுக்கு மூன்று கூட்டலோ வட்டக் குறியோ போதும். மங்கு இருந்தால் நான்கு கூட்டல்.

மங்கும், முகப்பரு ஆறிய இடத்தில் தங்கும் கருமையும் உள்ளவர்கள், குறிப்பாக மாநிறம், கறுப்பு நிறம் கொண்டவர்கள், இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் இந்தத் தோலைக் கருக்க வைக்கும். வழக்கமான சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, லேசான நிறம் கொண்ட சன்ஸ்கிரீன் தடுக்கும். கூடுதல் விலை கொடுக்கலாம் என்று நான் சொல்லும் வெகு சில இடங்களில் இது ஒன்று. கறுப்புத் தோலுக்கு சன்ஸ்கிரீனே வேண்டாம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவு காக்கும், எளிதில் சிவக்க விடாது. கருமைத் திட்டுகளிலிருந்து அது காப்பதில்லை.

படி 4: ட்யூபைத் திருப்பி உட்பொருள்களைப் பாருங்கள்

எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். யுவிஏவைத் தடுக்கும் பொருள் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தாது வகையில் ஜிங்க் ஆக்சைடு இரண்டு கதிர்களையும் நன்றாகத் தடுக்கும். டைட்டானியம் டையாக்சைடு யுவிபிக்கு நல்லது, நீண்ட அலை யுவிஏவுக்குச் சுமார். இரண்டாவது மட்டும் உள்ளதைவிட ஜிங்க் சேர்ந்திருப்பது மேல். தாது சன்ஸ்கிரீன் கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று விளம்பரங்கள் சொல்வது முக்கால்வாசி கதை. அதுவும் மற்றவற்றைப் போலப் பெரும்பாலும் கதிரை உறிஞ்சித்தான் வேலை செய்கிறது. எளிதில் எரியும் சருமம், குழந்தைகள், கண்ணைச் சுற்றிய பகுதி ஆகியவற்றுக்குப் பொருத்தமானது. மாநிறத் தோலில் வெள்ளை படிவது அதன் பெரிய குறை.

வேதி வடிகட்டிகளில், அதாவது கதிரைத் தடுக்கும் வேதிப் பொருள்களில், பழையது அவோபென்சோன். நல்ல யுவிஏ தடுப்பு, ஆனால் வெயில் பட்டாலே சிதையும். ஆக்டோக்ரைலீன் போன்ற ஒன்று துணைக்கு இருந்தால் நிலைத்து நிற்கும். ஆக்டினாக்சேட்டோடு சேர்ந்தால் இன்னும் வேகமாகச் சிதையும். எனவே அவோபென்சோனும் ஆக்டினாக்சேட்டும் மட்டும் இருக்கும் மலிவு ட்யூபைத் தவிர்க்கலாம். உடுப்பில் அவோபென்சோன் பட்டு, இரும்புச் சத்துள்ள தண்ணீரில் துவைத்தால் துருக்கறை போல ஏறும். வெள்ளைச் சட்டைக்காரர்கள் கவனிக்க.

புதியவற்றில் டினோசார்ப் எஸ், டினோசார்ப் எம், யுவினல் ஏ பிளஸ் ஆகியவை யுவிஏவுக்கு நல்லவை, வெயிலில் நிலைத்து நிற்பவை. இவை ஐரோப்பிய, ஆசிய சன்ஸ்கிரீன்களில் பல காலமாக இருக்கின்றன. நடுத்தர விலை ட்யூபுகளிலேயே இவற்றைக் காணலாம். பட்டியலில் இவை நீண்ட வேதிப் பெயரில் இருக்கும் என்பதால், ட்யூபின் பெயரையும் வடிகட்டியின் பெயரையும் சேர்த்து இணையத்தில் ஒரு தடவை தேடிவிடுவது எளிது.

இவை உடம்புக்குக் கெடுதியா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. சில வேதி வடிகட்டிகள் ரத்தத்தில் கலக்கின்றன என்று 2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வு காட்டியது. கலப்பதால் தீங்கு என்று அது காட்டவில்லை, பூசுவதை நிறுத்தவும் சொல்லவில்லை. மனசு ஒப்பவில்லை என்றால் ஜிங்க் ஆக்சைடு இருக்கவே இருக்கிறது. பவளப்பாறைக்காக ஹவாய் மாநிலம் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் உள்ள சன்ஸ்கிரீன்களின் விற்பனைக்கு 2021 முதல் தடை போட்டிருக்கிறது. கடலில் இறங்குகிறவர்கள் இந்த இரண்டையும் விலக்கலாம். அட்டையில் ‘ரீஃப் சேஃப்’ (பவளப்பாறைக்குக் கெடுதி இல்லாதது) என்று இருப்பதற்கு ஒரே சீரான வரையறை கிடையாது.

படி 5: சருமத்துக்கு ஏற்ற வடிவம்

பூசப் பிடிக்காத சன்ஸ்கிரீன் அலமாரியில்தான் இருக்கும். எண்ணெய் வழியும் சருமத்துக்கு ஜெல், நீர்த்த லோஷன், மினுமினுக்காத மேட் வகை. வறண்ட சருமத்துக்கு கிரீம். கிரீமே ஈரம் தந்துவிடும் என்றால் தனி மாய்ஸ்சரைசர் வாங்கும் செலவும் மிச்சம். முகப்பரு வருகிறவர்கள் ‘நான் காமெடோஜெனிக்’ (தோல் துளைகளை அடைக்காதது) என்ற சொல்லைத் தேடுவார்கள். அதற்குக் கறாரான விதி ஏதும் இல்லை, உங்கள் முகத்தில் இரண்டு வாரம் பூசிப் பார்ப்பதே சோதனை. கண் எரிகிறது என்றால் கண்ணைச் சுற்றி மட்டும் ஜிங்க் வகையோ ஸ்டிக்கோ போடலாம்.

வியர்த்து வேலை செய்பவர்கள், விளையாடுகிறவர்கள், நீந்துகிறவர்கள் நீரைத் தாங்கும் வகையை எடுக்க வேண்டும். 40 நிமிடமா, 80 நிமிடமா என்று அதில் எழுதியிருக்கும். அதற்கு மேல் அது தாங்காது. நீரே ஒட்டாது என்று சொல்லிக்கொள்ளும் சொற்களை அமெரிக்காவில் 2011 விதிகள் தடை செய்துவிட்டன, அப்படி ஒரு சன்ஸ்கிரீன் இல்லை என்பதால்தான்.

ஸ்பிரேயை நான் பரிந்துரைப்பதில்லை. பாதி காற்றில் போகிறது, மீதி திட்டுத் திட்டாக விழுகிறது, மூச்சிலும் ஏறுகிறது. காசுக்கும் கேடு. பவுடர் சன்ஸ்கிரீனில் முழு அளவைப் பூசுவது நடக்காத காரியம்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் தேவையில்லை. நிழலும் துணியும்தான் அதற்குப் பாதுகாப்பு.

படி 6: ட்யூப் விலையை விட்டு, ஒரு மில்லி விலையைப் பாருங்கள்

விலையை மில்லி அளவால் வகுங்கள். அதை 1.25ஆல் பெருக்கினால் ஒரு பூச்சின் விலை. உதாரணமாக 30 மில்லி ட்யூப் ஒன்றும், அதைவிட ஒன்றரை மடங்கு விலையில் 100 மில்லி ட்யூப் ஒன்றும் இருந்தால், கண்ணுக்கு மலிவாகத் தெரிவது சின்னது. ஒரு மில்லிக்குப் பார்த்தால் சின்ன ட்யூபின் விலை இரண்டு மடங்குக்கும் மேல். முகத்துக்கு என்று தனியாகச் சின்ன ட்யூபில் விற்பதற்கும், உடலுக்கு என்று பெரிய பாட்டிலில் விற்பதற்கும் பல சமயம் மணமும் பிசுபிசுப்பும்தான் வித்தியாசம். உடல் லோஷனில் மணம் குறைவாக இருந்து, முகத்துக்கும் ஒத்துக்கொண்டால், அதையே பூசலாம்.

கூடுதல் காசு கேட்கும் சில சொற்கள் உண்டு. வைட்டமின் சி, நியாசினமைடு, ஹயலூரானிக் அமிலம் சேர்ந்தது என்பார்கள். கெடுதல் இல்லை. ஆனால் தினம் தாராளமாகச் செலவாகும் பொருளில் இவற்றைக் கலந்து வாங்குவதைவிட, வேண்டுமானால் தனி சீரமாக வாங்குவது மலிவு. ‘தோல் மருத்துவர் சோதித்தது’ என்ற வரிக்கு எத்தனை பேர், எப்படிச் சோதித்தார்கள் என்ற விவரம் இருக்காது. ‘நாள் முழுக்கப் பாதுகாப்பு’ என்றால் நம்பாதீர்கள்.

விலை கூடினால் தரம் கூடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆஸ்திரேலிய நுகர்வோர் அமைப்பான சாய்ஸ் 2025இல் 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தபோது 16 தாங்கள் அச்சிட்ட எண்ணை எட்டவில்லை. 50+ என்று விற்ற, விலை கூடிய ஒன்றுக்குக் கிடைத்தது வெறும் 4. பின்னர் அது சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. இதைப் பார்த்து எல்லாமே ஏமாற்று என்று விட்டுவிடவும் வேண்டாம், எட்டாதவற்றில் பலவும் 30, 40 என்ற அளவில் காத்துக்கொண்டுதான் இருந்தன. சுதந்திரமான அமைப்பு சோதித்த முடிவு உங்கள் கைக்குக் கிடைத்தால், அதை விளம்பரத்துக்கு மேலாக வைத்துப் பாருங்கள்.

வீட்டிலேயே எண்ணெயும் ஜிங்க் பொடியும் கலந்து செய்துகொள்வது மலிவாகத் தோன்றும். பொடி சீராகப் பரவாமல் கட்டி கட்டியாக நிற்கும், எந்த இடத்தில் எவ்வளவு காப்பு என்று அளக்க வழி கிடையாது. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

படி 7: வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

முதலில் இருப்பதிலேயே சின்ன ட்யூப். மில்லி விலை கூடுதல்தான், ஆனால் ஒத்துக்கொள்ளாத பெரிய பாட்டிலைவிட நஷ்டம் குறைவு. முழங்கையின் உட்புறத்தில் சில நாள் பூசிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்துக்கு வாருங்கள். ஒத்துக்கொண்டது உறுதியான பிறகு பெரிய அளவு, தள்ளுபடி, இரட்டைப் பொதி எல்லாம்.

காலாவதி தேதியையும், திறந்த டப்பா படத்துக்குள் 6எம், 12எம் என்றிருக்கும் குறியையும் பாருங்கள். திறந்த பிறகு எத்தனை மாதம் என்று அது சொல்கிறது. சரியாகப் பூசுகிறவருக்கு இந்தக் கவலையே வராது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ட்யூபை விடாதீர்கள். நீர் பிரிந்தாலோ நிறமும் மணமும் மாறினாலோ தூக்கிப் போடுங்கள். நம்ப முடியாத தள்ளுபடியில் கிடைப்பது பெரும்பாலும் பழைய சரக்கு அல்லது போலி.

படி 8: வாங்கியதை வீணாக்காமல் பூசுதல்

மாய்ஸ்சரைசர் முதலில், அது ஊறிய பின் சன்ஸ்கிரீன், அதன் மேல் ஒப்பனை. உள்ளங்கையில் மாய்ஸ்சரைசரோடு கலந்து பூசினால் நீர்த்துப் போகும். இரண்டு கோடும் ஒரே நேரத்தில் முகத்தில் அடங்கவில்லை என்றால், ஒரு கோடு பூசி, சில நிமிடம் விட்டு அடுத்ததைப் பூசலாம். காது, கழுத்தின் பின்புறம், தலை வகிடு, புறங்கை, உதடு ஆகியவை எல்லோரும் விடும் இடங்கள். வெளியே கிளம்ப 15 நிமிடம் முன் பூசி முடியுங்கள்.

வெயிலில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நீந்தினாலோ துடைத்தாலோ உடனே, மறுபடியும் பூச வேண்டும். காலையில் பூசிவிட்டு நாளெல்லாம் உள்ளே இருந்தவர், மாலையில் வெயிலில் இறங்கும் முன் ஒரு தடவை பூசினால் போதும்.

படி 9: சன்ஸ்கிரீன் செலவைக் குறைக்கும் துணி

நல்ல சன்ஸ்கிரீனை மலிவாக்கும் வழி, பூச வேண்டிய பரப்பைக் குறைப்பது. நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை இரண்டு கைகளின் செலவை ஒரேயடியாக நிறுத்திவிடும். அது வியர்வையில் அழியாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டாம். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஒளி அதிகம் ஊடுருவினால் அது போதாது. அடர்ந்த நிறம் மேல். சுற்றிலும் அகல விளிம்புள்ள தொப்பி காதையும் கழுத்தையும் காக்கும். முன்பக்கம் மட்டும் நீட்டிய தொப்பி இரண்டையும் விட்டுவிடும். குடை நல்லதுதான், ஆனால் மணலும் தண்ணீரும் கீழிருந்து கதிரைத் திருப்பி அனுப்பும் என்பதால் கடற்கரையில் குடை மட்டும் போதாது. காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை உள்ள வேலையைக் கொஞ்சம் முன்பின் நகர்த்த முடிந்தால் அதற்குச் செலவே இல்லை.

கடைசியாக, மருந்து. டாக்ஸிசைக்ளின் போன்ற சில ஆன்டிபயாட்டிக், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், சில ரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவை வெயிலை இன்னும் கடுமையாக்கும். இவற்றை எடுத்துக்கொள்பவர்கள் 30ஓடு நிற்காமல் 50, நல்ல யுவிஏ காப்பு, துணி என்று எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சன்ஸ்கிரீன் பூசியும் வெயில் பட்ட இடத்தில் மட்டும் தடிப்போ கொப்புளமோ வந்தால், புது ட்யூபைத் தேடுவதை நிறுத்திவிட்டு, சாப்பிடும் மருந்துகளின் பட்டியலோடும் பூசிய ட்யூபோடும் தோல் மருத்துவரிடம் போங்கள். காரணம் வெயிலா, மருந்தா, ட்யூபில் உள்ள ஒரு பொருளா என்பதை அவரால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.